நாற்பது தாண்டினால் தூக்கத்தையும் கணக்குப் பாருங்கள்

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தோட்டத்திலே பாடுபட்டவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, நாலு வாய் சோறு உண்டு திண்ணையில் சாய்ந்தால் அடுத்த நிமிடமே குறட்டை கேட்கும். பாயும் தேவையில்லை, தலையணையும் தேவையில்லை.

ஆனால், பாட்டாளித் தோழர்களே, தாய்மார்களே! இந்தப் பழமொழி இருபது வயது உடம்புக்குப் பொருந்துகிற அளவு நாற்பத்தைந்து வயது உடம்புக்குப் பொருந்துவதில்லை. இளமையில் தூக்கத்தைக் கடன் சொல்லி வைத்தாலும் உடம்பு பொறுத்துக்கொள்ளும். நடு வயதில் அது வட்டி போட ஆரம்பிக்கிறது. அந்த வட்டியை நாம் இரத்தக் கொதிப்பாகவும், இனிப்பு நீராகவும், நெஞ்சு வலியாகவும் கட்டுகிறோம். இந்த வாரம் அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம்.

என் தாயார் தூங்கிய நேரம்

என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். எல்லாருக்கும் வரக்கோப்பி, காட்டுக்குக் கட்டிக்கொண்டு போகச் சோறு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ரொட்டி. கடைசித் தம்பியைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடுவார். அப்பாவும் அதே பெரட்டில்தான் நிற்பார். அவருக்கும் அதே வேலை, அதே நிரை, அதே வாளி.

இரவில்தான் வித்தியாசம். அப்பா எட்டரை மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். அம்மா பாத்திரம் கழுவி, துணி துவைத்து, மறுநாளைக்கு விறகு எடுத்து வைத்துப் படுக்கும்போது மணி பதினொன்றை நெருங்கிவிடும். ஆக, அவருக்குக் கிடைத்தது 5 மணி நேரம். இப்படியே முப்பது வருஷம்.

"கொஞ்சம் படும்மா" என்றால், "நான் படுத்தா சோறு யாருடா ஆக்குவா? செத்தா தூங்கிக்கலாம் போ" என்பார்.

46 வயதில் அவருக்கு இரத்தக் கொதிப்பு என்று சொன்னார்கள். 53 வயதில் ஒரு பக்கம் கை கால் இழுத்துவிட்டது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், கருவாட்டை நிறுத்தச் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். எல்லாம் சரியான யோசனைதான். ஆனால், "அம்மா, நீங்கள் ராத்திரியில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தூக்கம் இல்லாததால்தான் அவருக்கு அப்படி ஆயிற்று என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்று மருத்துவம் சொல்கிறது.

மரத்தின் நேரமும் மனிதனின் நேரமும்

நம் மக்கள் ஏன் இருட்டோடு எழுந்தார்கள்? மரம் அப்படிக் கேட்டது. இரவில் மரத்தின் உள்ளே நீரழுத்தம் கூடியிருக்கும். விடியுமுன் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பாலும் குறைந்துவிடும். ஆகவே மரத்தின் நேரத்துக்கு மனிதன் எழுந்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1982 ஜனவரி 1-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடிகாரம் முன்னே போனது, சூரியன் போகவில்லை. இப்போது கோலாலம்பூரில் நம் கடிகாரம் சூரியக் கணக்கைவிட ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால்தான் காலை ஏழு மணியானாலும் இன்னும் வெளிச்சம் சரியாக வருவதில்லை. கடிகாரத்தில் நாலரை மணிக்கு எழுபவர், சூரியக் கணக்குப்படி மூன்றேகால் மணியை ஒட்டி எழுகிறார். உடம்புக்குள் இருக்கும் கடிகாரமோ வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. சுவரில் மாட்டிய கடிகாரத்தை அது பார்ப்பதில்லை.

இன்றைக்குப் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்தில் பிறந்தவர்கள் பலர் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, காவல் வேலை, லாரி ஓட்டும் வேலை செய்கிறார்கள். இடம் மாறியது, வேலை மாறியது. தூக்கத்தைத் திருடுகிற பழக்கம் மட்டும் நம்மோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தூங்கும்போது உடம்பு என்ன செய்கிறது?

தூங்குகிறவன் சும்மா கிடக்கிறான் என்று நினைக்கிறோம். அது தவறு. அந்த நேரத்தில்தான் உடம்பு தன் பழுதுகளைப் பார்க்கிறது.

முதலாவது, இதயம். நல்ல தூக்கத்தில் இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்க வேண்டும். இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஒரு நாளில் கிடைக்கிற ஓய்வு அது ஒன்றுதான். தூக்கம் குறைந்தால் அந்த ஓய்வும் குறைகிறது. பகலெல்லாம் பாரம் தூக்கிய மாட்டை இரவிலும் வண்டியில் பூட்டி வைத்த கதைதான்.

இரண்டாவது, சீனி. 1999-இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். நோயில்லாத 11 இளைஞர்களை 6 இரவுகள், இரவுக்கு 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். இரத்தத்தில் ஏறுகிற சீனியைச் சமாளிக்கும் சக்தி அவர்களுக்கு வெகுவாகக் குறைந்துபோயிற்று. இளைஞர்களுக்கே ஒரு வாரத்தில் இந்தக் கதி என்றால், ஏற்கெனவே குடும்பத்தில் இனிப்பு நீர் உள்ள நடுவயதுக்காரர்களை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, தசை. மரம் வெட்டிய தோளும், குலை தூக்கிய இடுப்பும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் சீராகின்றன. அந்த நேரத்தில்தான் உடம்பைப் பழுது பார்க்கும் சுரப்பு நீர் அதிகம் ஊறுகிறது. இங்கேதான் வயது குறுக்கே வருகிறது. நாற்பதை நெருங்கும்போதே ஆழ்ந்த தூக்கத்தின் அளவு குறையத் தொடங்கிவிடும். இருபது வயதில் 6 மணி நேரத் தூக்கத்தில் கிடைத்த பலன், ஐம்பது வயதில் அதே 6 மணி நேரத்தில் கிடைப்பதில்லை. "முன்னே மாதிரி அசதி போகலீங்க" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, பசி. தூக்கம் குறைந்தவருக்குப் பசி கூடும். அதுவும் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கேட்கும். உடம்பு பருக்கும். பருத்த உடம்பு தூக்கத்தைக் கெடுக்கும். இது ஒரு செக்கு.

ஐம்பது வயதில் ஐந்து மணி நேரம்

1985-ஆம் ஆண்டு தொடங்கி லண்டனில் அரசாங்க ஊழியர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சியின் ஒரு முடிவு 2022-இல் வெளிவந்தது. 50 வயதில் இரவுக்கு 5 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட, பின்னாளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாட்பட்ட நோய்கள் சேர்ந்து வரும் வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் நாட்டு நிலை என்ன? 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய நாடளாவிய ஆய்வில், பெரியவர்கள் 100 பேரில் 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 10 பேரில் 3 பேருக்கு இருந்தது. இரத்தக் கொதிப்பு எல்லா இனத்தவரையும் சேர்த்து 10 பேரில் 3 பேருக்கு. இந்த நிலையில் இருக்கும் நாம் தூக்கத்தை அலட்சியம் செய்யலாமா?

பெரியவர்களுக்கு இரவுக்கு குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான முடிவு. "நான் அஞ்சு மணி நேரத்திலே பழகிட்டேன்" என்பவர்கள் பெரும்பாலும் களைப்புக்குப் பழகியவர்களே தவிர, அவர்களின் இதயம் பழகவில்லை.

குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளமா?

"எங்க வீட்டுக்காரர் படுத்தா போதும், லயமே அதிர்ற மாதிரி குறட்டை. அவ்வளவு நல்ல தூக்கம்" என்று பெருமையாகச் சொல்லும் தாய்மார்கள் உண்டு. அம்மா, அது நல்ல தூக்கமாக இல்லாமலும் இருக்கலாம். இன்றிரவு கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

குறட்டை ஏறிக்கொண்டே போய், திடீரென்று சத்தம் நின்றுவிடுகிறதா? பத்து, பதினைந்து விநாடி மூச்சே காணோமா? பிறகு மூச்சுத் திணறி, உடம்பு உலுக்கி, "ஹக்" என்று மறுபடி தொடங்குகிறதா? அப்படியானால் தூக்கத்தில் அவருடைய தொண்டை அடைபடுகிறது என்று அர்த்தம். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக் குழாயின் வழியை மூடிவிடுகிறது. மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் மூளை பதறி அவரைப் பாதி எழுப்புகிறது. இரத்த அழுத்தம் துள்ளி ஏறுகிறது. கடுமையாக உள்ளவர்களுக்கு மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடக்கும். காலையில் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் எழும்போது தலைவலி, வாய் வறட்சி, அசதி. பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவார். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் கண் சொருகும். அங்கேதான் பேராபத்து!

எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் இரத்தக் கொதிப்பு இறங்காதவர்களில் பலருக்கு இந்த மூச்சடைப்பு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கழுத்து பருத்த ஆண்களுக்கு அதிகம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் வரும்.

இதற்கு வைத்தியம் உண்டு. 1981-இல் சிட்னி நகரத்தில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், மூக்கு வழியாக மெதுவாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் முக்கியமான சிகிச்சை அதுதான். இயந்திரம் விலை கூடியது, உண்மை. ஆனால் காசில்லாத வழிகளும் உண்டு. மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பது, உடல் எடையைக் குறைப்பது, மதுவை விடுவது ஆகியவற்றாலேயே பலருக்குக் குறையும். முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போய், "தூக்கத்தில் மூச்சு நிற்கிறது" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கணவரோடு மனைவியும் போவது நல்லது. ஏனென்றால் பார்த்த சாட்சி அவர்தான்.

கிளாஸில் கிடைக்கும் தூக்கம்

"ரெண்டு கிளாஸ் போட்டாத்தான் தூக்கம் வருது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளோ, சம்சுவோ, பீரோ, படுத்தவுடன் கண்ணை மூட வைக்கும், உண்மை. ஆனால் நடு இரவுக்குப் பிறகு தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். குறட்டைக்காரர் குடித்துவிட்டுப் படுப்பது, அடைத்த சாக்கடையில் மேலும் குப்பை கொட்டுவது போன்றது.

கோப்பியும் தேத்தண்ணியும் அளவோடு நல்லவைதான். ஆனால் குடித்து 5 மணி நேரம் ஆன பிறகும் கோப்பியின் சத்தில் ஏறக்குறைய பாதி உடம்பில் தங்கியிருக்கும். ஒன்பதரை மணிக்குப் படுப்பவர் பிற்பகல் மூன்று மணியோடு கோப்பியை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரவில் எழுந்து எழுந்து போகிறவர்கள்

இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுபவர்கள் அதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. இனிப்பு நீர் இருக்கலாம்; ஆண்களுக்குச் சுக்கிலச் சுரப்பி வீக்கம் இருக்கலாம்; தூக்க மூச்சடைப்பாலும் வரும். இரத்தக் கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் காலையில் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். கால் வீங்குபவர்கள் சாயந்திரம் சற்று நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தால் இரவு நடை குறையும்.

45 வயதையொட்டிய பெண்களுக்கு நடு இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து விழிப்பு வரும். அது மாதவிலக்கு நிற்கும் காலத்தின் குணம். வெட்கப்படாமல் நர்ஸிடம் சொல்லுங்கள். அதற்கும் வழி உண்டு.

நடு இரவில் விழித்துக்கொண்டு கடனையும் பிள்ளைகளையும் நினைத்துப் புரளுகிறவர்கள், அரைமணி நேரம் புரண்டுகொண்டே இருக்க வேண்டாம். எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது வந்து படுங்கள். பக்கத்து வீட்டார் கொடுக்கும் தூக்க மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்காதீர்கள்.

ராத்திரி ஷிப்ட்காரர்கள்

செம்பனை ஆலையிலும் தொழிற்சாலையிலும் இரவு வேலை பார்ப்பவர்கள் உடம்புக் கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்கிறார்கள். விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை மனிதனின் விழிப்பு மிகவும் மங்கியிருக்கும் நேரம். கை கால் இயந்திரத்தில் மாட்டாமல் அப்போது கூடுதல் கவனம் வேண்டும். வேலை முடிந்து வந்ததும், சன்னலில் கைலியையோ கனத்த துணியையோ தொங்கவிட்டு அறையை இருட்டாக்கிப் படுங்கள். வீட்டிலுள்ளவர்கள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்க வேண்டும். பகலில் தூங்குபவரைச் சோம்பேறி என்று ஏசுவது பாவம்.

2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. அந்த மூன்று மணியையும் "ஓட்டி" செய்தே தீர்த்துவிடுகிறவர்கள் உண்டு. சம்பளம் பற்றாதபோது குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் தொடர்ந்து இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகாதீர்கள். வேலையிடத்திலேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் புறப்படுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்து மணிக்கு எழ வேண்டுமானால் பத்து மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குத் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அடங்க வேண்டும்.

2. ஞாயிற்றுக்கிழமையும் ஏறக்குறைய அதே நேரத்தில் எழுங்கள்.

3. பகலில் அசதியாக இருந்தால் மூன்று மணிக்கு முன் இருபது, முப்பது நிமிடம் தூங்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

4. இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள்.

5. கிளினிக்குக்குப் போகும்போது எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், குறட்டை உண்டா, பகலில் தூங்கி விழுகிறீர்களா என்ற மூன்றையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

6. மேலே சொன்னவை எதுவும் மாத்திரைக்குப் பதில் அல்ல. மாத்திரையும் வேண்டும், தூக்கமும் வேண்டும்.

வீட்டில் கடைசியாகப் படுப்பது யார்?

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஆண்கள் எல்லாரும் ஒன்பதரைக்கே படுத்துவிட்டால் போதாது. அவர்கள் தூங்கிய பிறகு பாத்திரம் கழுவுகிறவர் யார்? மறுநாள் அவர்களுக்கு முன்னே எழுகிறவர் யார்? தோட்டத்திலும் சரி, அடுக்குமாடி வீட்டிலும் சரி, கடைசியாகப் படுத்து முதலில் எழுகிறவர் பெரும்பாலும் அம்மாதான்.

இதை மாற்றப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மகன் பாத்திரம் கழுவட்டும். மகள் அரிசி கழுவி வைக்கட்டும். பள்ளிச் சீருடையைப் பிள்ளைகளே இஸ்திரி போடட்டும். வீட்டுக்காரர் மறுநாள் காய்கறியை முந்தின இரவே நறுக்கிக் கொடுக்கட்டும். ஆளுக்கு இருபது நிமிடம் வேலை செய்தால் அந்த அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் மிச்சமாகும். ஐந்து மணி நேரம் ஆறாகும், ஆறு ஏழாகும்.

என் தாயார் நோயில் படுத்த பிறகுதான் நாங்கள் பாத்திரம் கழுவக் கற்றுக்கொண்டோம். நீங்கள் இன்றிரவே கற்றுக்கொள்ளுங்கள்.